நாலு வாசல் பல்லி

பல்லியை முதலில் கிராஃப் தாளில்தான் போட்டேன். பசுமலைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். அந்தத் தாளுக்கா பஞ்சம்? ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, தட்டைத் தலை, அகன்ற முன்னங்கால்கள், வளைந்த வால் என்று வந்துவிட்டது. கண்ணுக்கு மட்டும் ஒரே ஒரு கட்டம். பல்லிக்கு இமை கிடையாது, அதனால் என் பல்லியும் இமைக்காது.

எல்லாம் அண்ணாவுக்காக. அண்ணா பஞ்சாபகேசன் பஸ்ராவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அங்கிருந்து வந்த சிநேகிதரிடம் ஒரு குட்டி கம்ப்யூட்டரைக் கொடுத்தனுப்பினான். டி.வி.யில் மாட்டினால் படம் வரும். "நான் வந்து ஆடறதுக்கு ஸ்யாமளாவை ஒரு வீடியோ கேம் எழுதி வைக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லியும் அனுப்பியிருந்தான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அந்தப் பக்கம் குண்டு விழுகிறது என்று பேப்பரில் தினமும் வந்தது.

கவலையை மறக்க நான் கேமை எழுதினேன். இருட்டு வீடு ஒன்று, அதற்கு நாலு வாசல். ஆடுகிறவன் வெளியே போகும் வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும். அவன் நடந்தால் பல்லி அசையாது. அவன் நின்றால் அது ஒரு கட்டம் நெருங்கும். தொட்டால் வாலை உதறிவிட்டுப் போய்விடும்; அறுந்த வால் துடித்து வழியை மறிக்கும். சரியான வாசல் முன்னால் அவன் நின்றால் மட்டும் பல்லி சொல்லும், "ச்சு, ச்சு, ச்சு" என்று. பொய் சொல்ல நான் அதற்குக் கற்றுத்தரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அகிலாண்டம் கூடத்தில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே, "ஆவணிக்குள்ள பஞ்சு வந்துடுவான்" என்றாள். அந்த நேரம் பார்த்து நான் சரியான வாசலுக்கு வந்துவிட்டேன். பல்லி சொல்லிற்று. அம்மா விரலால் தரையைத் தட்டி, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்றாள். ஒருவர் பேசி முடித்ததும் பல்லி சொன்னால் பேசினது பலிக்கும், தட்டினால் அதை ஏற்றுக்கொண்டதாகும் என்பது அம்மாவின் வேதம். தூக்கத்தில் கேட்டால்கூடத் தட்டுவாள்.

"அம்மா, அது பல்லி இல்லே. நான் போட்ட சத்தம்" என்று சிரித்தேன்.

"போட்டது நீ. சொன்னது அதுதானே? மணியோசை வந்தாச்சு, யானை வராம போயிடுமா?"

அன்றிலிருந்து விளக்கேற்றியதும் டி.வி.யைப் போடச் சொல்வாள். மன்னி ஜானுவும் பக்கத்தில் வந்து உட்காருவாள். அண்ணா கட்டின தாலி கழுத்தில் ஏறி ஒரு வருஷம்கூட அவனோடு வாழாதவள். அவளைத் தன்னிடம் அனுப்பும்படியும், டீச்சர் டிரெயினிங் படிக்க வைக்கிறேன் என்றும் அவள் அப்பா ஹாலாஸ்யம் திண்டுக்கல்லிலிருந்து சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். அம்மா விடவில்லை. பல்லி சொல்லியிருக்கிறதே! ஆவணி போயிற்று, ஐப்பசியும் போயிற்று.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் எழுதிய நாலு வரியை நம்பி ஒருத்தி ஆயுசைக் கழிப்பதா? ஒரு மத்தியானம் சத்தம் போடும் வரியை அழித்துவிட்டு, கேமை மறுபடி கேஸட்டில் பதிந்து வைத்தேன். டி.வி.யின் சத்தக் குமிழையும் முழுக்கத் திருகி அடைத்தேன். மன்னியிடம் மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

அன்று சாயங்காலமே ஹாலாஸ்யம் நேரில் வந்துவிட்டார். டி.வி.யில் என் பல்லி ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் காபியைக்கூடத் தொடவில்லை.

"மாமி, மனசைத் திடப்படுத்திக்கோங்கோ. மாப்பிள்ளை இனிமே வரமாட்டார்."

"வருவான்!" என்றாள் அம்மா, அவர் வாயை மூடுமுன்.

ச்சு, ச்சு, ச்சு.

அம்மா தரையைத் தட்டினாள். ஹாலாஸ்யமும் தன்னையறியாமல் நாற்காலிக் கையைத் தட்டினார். யார் சொன்னதற்குப் பல்லி சொன்னது? அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. ஹாலாஸ்யம் ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். அன்று ராத்தங்கி, மறுநாள் காலையில் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

சத்தம் போடும் வரியை நான் அழித்தாயிற்று, குமிழையும் அடைத்தாயிற்று. பிறகு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்: சூட்டுக்கு டி.வி.க்குள் நிஜப் பல்லி ஏதாவது புகுந்திருக்கும், அவ்வளவுதான். டி.வி. மெக்கானிக் காளையைக் கூப்பிட்டேன். கொட்டாம்பட்டிக்காரர், டவுன்ஹால் ரோட்டில் கடை. பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார்.

"இந்தா இருக்குல்ல டீச்சரக்கா. ஷாக் அடிச்சுச் செத்துக் கெடக்கு."

அப்பாடா என்று இருந்தது. "நேத்து ராத்திரி செத்திருக்கும், இல்லையா?"

"நேத்தா? அப்பளமாக் காஞ்சு போயிருக்கே! இது செத்து எம்புட்டு மாசமோ."

எட்டிப் பார்த்தேன். முன்னங்கால்கள் அகன்று, வால் வளைந்து, கண் திறந்தபடி கிடந்தது. கிராஃப் தாளில் நான் நிறுத்திவைத்த அதே கோலம். காளை அதைக் குறட்டால் எடுத்து வாசலுக்கு வெளியே போட்டார். சூட்டில் ஏதோ பார்ட் கருகியிருக்கிறது, நாளைக்கு வாங்கி வந்து மாட்டுகிறேன் என்று டி.வி.யைத் திறந்தபடியே விட்டுப் போனார். கம்ப்யூட்டரை நான் பெட்டியில் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

விளக்கேற்றும் நேரம். அம்மா தரையில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். மன்னி விளக்கை ஏற்றி நமஸ்காரம் பண்ணிவிட்டு எழுந்தாள். திறந்து கிடந்த டி.வி.க்கு முன்னால் போய் நின்றாள். அசையாமல் நின்றாள். என் கேமில் சரியான வாசல் முன்னால் நிற்பவனைப் போல அவள் நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. "மன்னி, இங்கே வா" என்றேன்.

அவள் திரும்பவில்லை. இத்தனை மாதமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை, யாரும் குறுக்கே பேச முடியாதபடி, நிதானமாகச் சொன்னாள்.

"அவர் உயிரோட இல்லே."

ச்சு, ச்சு, ச்சு.

அம்மாவின் கை பூவை விட்டது. விரல் தரைக்குப் போய்த் தட்டிற்று. "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்றது வாய்.

அதற்குப் பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த விரலை இன்னொரு கையால் இறுகப் பிடித்து மடிக்குள் இழுத்துக்கொண்டாள். ஆனால் தட்டியாயிற்று.