பயணம் சொல்லிக்கொண்டவன்

எங்கள் அண்ணன் ரிஃபாய் கத்தாருக்குப் போகாமல் இருப்பது இது மூன்றாவது தடவை. மீமிசலில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாடு கிளம்புகிறவர் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பயணம் சொல்லிக்கொள்ள வேண்டும். அவர்களும் சும்மா அனுப்ப மாட்டார்கள், பிரியாணி போடுவார்கள். விசா கைக்கு வந்து, டிக்கெட் போட்ட பிறகு செய்கிற காரியம் இது. அண்ணனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? "பார்க்கலாம் தம்பி" என்று ஏஜென்ட் போனில் சொன்னால் போதும், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான்.

மாமி வீட்டில் கோழி, சாச்சி வீட்டில் ஆடு. தின்றுவிட்டு, கூலிங்கிளாஸ் போட்ட படத்தோடு 'துஆ செய்யுங்கள்' என்று பிரார்த்தனை கேட்டு ஒரு ஸ்டேட்டஸ். விசா வராது. கொஞ்ச நாள் கடைத்தெருப் பக்கம் தலைகாட்ட மாட்டான். அப்புறம் வெட்கமே இல்லாமல் மறுபடி ஆரம்பிப்பான். முதல் பயணத்துக்கு வாங்கிய நீலப் பெட்டியில் அம்மா போர்வைகளை அடுக்கிப் பரணில் ஏற்றிவிட்டாள்.

அண்ணனின் இந்த வாயால் நானும் ஒருமுறை பட்டிருக்கிறேன். பார்மசி படிக்கத் திருச்சியில் இடம் கிடைத்தபோது சந்தோஷம் தாங்காமல் இவனிடம் உளறினேன். அன்று சாயங்காலமே டீக்கடையில் அறிவித்துவிட்டான். மறுநாள் எங்கள் தகப்பனாரின் அண்ணன், பெரியத்தா ஷேக் தாவூது வந்து, "பொம்பளப் புள்ளைக்கு ஹாஸ்டல் எதுக்கு?" என்றார். அத்தா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அறந்தாங்கிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்து படித்தேன்.

ஆகவே சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை கிடைத்ததை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். வேலையில் சேர்ந்துவிட்டால் பெரியத்தா கோபித்துக்கொள்ளலாம், தடுக்க முடியாது. பஸ் ஏறுகிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாது என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

கிளம்புவதற்கு முதல் நாள் மதியம், போர்வைகளை எடுத்துவிட்டு நீலப் பெட்டியில் என் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். யார் வீட்டிலோ பயணம் சொல்லிவிட்டு, ஏப்பத்தோடு அண்ணன் வந்து நின்றான்.

"என் பொட்டில என்ன பண்றே?"

பெட்டி நிறையத் துணியை வைத்துக்கொண்டு என்ன பொய் சொல்வது? உள்ளதைச் சொன்னேன்.

"நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்" என்றவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பிப் போனான். இவனை நம்புவதற்கு மைக் செட்டை நம்பலாம்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் பெரியத்தா வந்துவிட்டார். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மறுபடியும் கெடுத்துவிட்டானே என்று அண்ணனை மனதுக்குள் வெட்டிப் போட்டேன்.

"ஜொஹரா, ஒன் மகன் டீக்கடைல என்ன சொல்லிக்கிட்டு இருக்கான் தெரியுமா? நிலோஃபரு நாளைக்கு மெட்ராஸுக்கு வேலைக்குப் போகுதாம்."

அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவன் பயணத்த யாரும் நம்பலைன்னதும், தங்கச்சி பயணத்த எடுத்துக்கிட்டான் போல. கடையே சிரிக்குது. சீக்கிரம் ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வையி, அப்பயாச்சும் வாய் அடங்கும்."

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு அண்ணன்தான் வந்தான். பழக்கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன ரிஃபாய், கத்தாரா?"

"இல்லண்ணே, தங்கச்சி மெட்ராஸுக்கு வேலைக்குப் போகுது."

"சரி சரி, போய்ட்டு வா" என்று சிரித்தார். நானும் பெட்டியும் கண்ணெதிரே நிற்கிறோம், அப்போதும் அந்த மனுஷன் நம்பவில்லை. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் ரொம்ப நேரம் இல்லை.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

"பொட்டியப் பத்திரமா வச்சுக்க. அடுத்த மாசம் எனக்கு விசா வந்துரும், ஏஜென்ட் சொல்லிட்டாரு."

"வந்தப்புறம் சொல்லுண்ணே" என்றேன்.