பதிலுக்கு ஒரு பேர்

சாந்தம்மாள் எஸ்டேட் ஆபீசிலிருந்து திரும்பி வந்தபோது சிவசங்கரி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். அம்மா செருப்பைக் கழற்றிய விதத்திலேயே காரியம் முடிந்துவிட்டது தெரிந்தது. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பேரு வெட்டியாச்சாம்மா?"

"ஆச்சு."

சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலையை விடுவதைப் பேர் வெட்டுவது என்றுதான் சொல்வார்கள். வெட்டினால் இத்தனை வருஷம் பிடித்து வைத்த பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் மொத்தமாகக் கைக்கு வரும். இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்கிற அண்ணன் அருண்பாண்டிக்கு இரண்டாம் தவணை ஃபீஸ் கட்ட வேண்டும். முதல் தவணைக்கு, அப்பா இறந்து வந்த பணமும் பேங்க் கடனும் சரியாகப் போயிற்று. மிச்சத்தை அங்கே வேலை பார்த்தே கட்டிவிடலாம் என்று ஏஜெண்ட் ஒருவன், வேகாத வெயிலில் டை கட்டிக்கொண்டு, அடித்துச் சொன்னான். அண்ணன் சேர்ந்த கடையோ ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்டவில்லை, இழுத்து மூடிவிட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் யுனிவர்சிட்டியில் அவன் பேரை எடுத்துவிடுவார்கள். பேர் போனால் விசா போகும். விசா போனால் பாதிப் படிப்போடும் முழுக் கடனோடும் விமானம் ஏற வேண்டியதுதான்.

"வீட்ட எப்ப காலி பண்ணச் சொன்னாக?"

"காலி பண்ண வேண்டாம்."

"அதெப்பிடி?"

"பதிலுக்கு ஒரு பேரு கேட்டாக. குடுத்துட்டேன்."

"யாரு பேர?"

சாந்தம்மாள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் பேரை இப்போதுதான் வெட்டியிருக்கிறது.

சிவசங்கரி ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இந்தச் சட்டத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடும்பத்தில் ஒரு பேராவது எஸ்டேட் செக்ரோல் பதிவேட்டில் இருக்கிறவரைக்கும்தான் லயத்து வீடு. ஆனால் வீட்டில் பேசி முடித்தது வேறு. பேர் வெட்டியதும் மலையிறங்கிப் போய், போடியில் சித்தி வீட்டுப் பக்கம் ஓர் அறை வாடகைக்குப் பிடிப்பது, சிவசங்கரி மூணாறு காலேஜை விட்டு அங்கே மாற்றிக்கொள்வது என்று இருந்தது. பி.காம். இரண்டாம் வருஷம். இப்போது அவளுக்கு வந்த பயம் அட்டைக்கோ பனிக்கோ, காட்டுக்குள் நிற்கும் ஒற்றைக் கொம்பன் யானைக்கோ இல்லை. அதையெல்லாம் பார்த்துதான் வளர்ந்தாள். ஏறின பேர் இறங்குவதில்லை என்பதுதான் பயம். அம்மா இந்த மலைக்கு இவள் வயதில்தான் வந்தாள், அடகு வைத்த மூக்குத்தியை மீட்கிறவரைக்கும் என்று சொல்லிக்கொண்டு. மூக்குத்தியை மீட்டு, அதை மறுபடி அடகு வைத்து, அது மூழ்கியும் போய்விட்டது. அம்மா கொழுந்து கிள்ளிக்கொண்டேதான் இருந்தாள்.

"நான் காலேஜுக்குப் போகணும்லம்மா."

"ஒரு வருசந்தான். அவன் ஒரு வேலைல நின்னுட்டான்னா ஒன்னயும் கூட்டிக்கிருவான். போடிக்குப் போயி வாடகைக்கு யாருட்ட கையேந்துறது?"

"என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

டீத்தூளை அளந்துகொண்டிருந்த சாந்தம்மாளின் கை நின்றது. "கேட்டா மாட்டேன்னு சொல்லிருவியோன்னு பயந்துட்டேன்" என்றாள்.

அம்மா பயந்து அவள் பார்த்ததில்லை. அப்பா செத்த அன்றுகூட, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டிருந்த மனுஷி. அவளே பயந்துபோயிருக்கிறாள் என்றால் இனி யாரிடம் போய் நிற்பது? சண்டை போட வாயில் வந்த சொற்களெல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின.

சாயங்காலம் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போய் நின்றாள். லயத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். காதலிப்பவர்களும் கடன்காரர்களிடம் கெஞ்சுபவர்களும் முறைவைத்து நிற்பார்கள். அன்றைக்கு நல்லவேளையாக யாரும் இல்லை. அருண்பாண்டியே கூப்பிட்டான்.

"இன்னிக்கும் மெயில் அனுப்பிருக்காங்க பாப்பா. போன்ல சத்தம் கேட்டாலே எடுத்துப் பாக்கப் பயமா இருக்கு. சாப்பாடு எறங்கல."

"அம்மா பேரு வெட்டிட்டாங்கண்ணா. காசு வந்துரும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழட்டும் என்று விட்டாள்.

"அப்ப வீடு?" என்றான் கொஞ்சம் கழித்து.

"வீடு இருக்கும்ணா."

அவனும் இதே லயத்தில் பிறந்தவன். வீடு இருக்கும் என்றால் யாருடைய பேரோ ஏறியிருக்கிறது என்று தெரியாதவன் இல்லை. யார் பேர் என்று அவன் கேட்கட்டும் என்று காத்திருந்தாள். கேட்டால் அழுதுவிடலாம். நீ வேண்டாம் பாப்பா, நான் திரும்பி வந்துர்றேன் என்று ஒப்புக்காவது சொன்னால்கூடப் போதும், நானே மனசாரப் போவேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"வீடு இருக்கும்னா..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். பிறகு அவசரமாக, "சரி பாப்பா, பஸ்ஸு வந்துருச்சு" என்று வைத்துவிட்டான்.

அவன் கேட்காதது வலித்தது. அதைவிட, அடுத்து அவள் மனதில் எழுந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. அந்தப் பணம் நாள் தப்பி வரட்டும், அவனை அனுப்பிவிடட்டும் என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி நினைத்துவிட்டாள். யாரோ கேட்டுவிட்டதுபோலத் திரும்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை சாந்தம்மாள் கொழுந்து எடுக்கும்போது கட்டிக்கொள்ளும் தன் தார்ப்பாய்ப் படங்கை மகளின் இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கயிறு இரண்டு சுற்று கூடுதலாக வந்தது. "முன்னாடி போகாத, கத்தரீனாக்கா பின்னாடியே நில்லு" என்று மட்டும் சொன்னாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் பனி இறங்கி, தலையில் துண்டு கட்டிய பெண்கள் எல்லோரும் ஒரே ஆள் போலத் தெரிந்தார்கள். பக்கத்து வீட்டுக் கத்தரீனாள் ஒன்றும் விசாரிக்காமல் நகர்ந்து இடம் விட்டாள். சூப்பர்வைசர் பழனிச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு பேர் கூப்பிடத் தொடங்கினார்.

லயத்தைவிட மேட்டிலிருந்த களத்தில் சிக்னல் எட்டும்; அப்போது கையிலிருந்த போன் அதிர்ந்தது. திரையில் அண்ணன் என்று வந்தது. இந்நேரம் அங்கே நடுராத்திரி. இந்த நேரத்தில் அவன் கூப்பிட்டதே இல்லை. தூக்கம் வராமல், அன்றைக்குக் கேட்காமல் விட்டதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறானா, இல்லை அங்கே ஏதாவது ஆகிவிட்டதா? எடுக்க விரல் நீண்டது.

"சாந்தம்மா!"

பல வருஷப் பழக்கத்தில் பழனிச்சாமி கூப்பிட்டுவிட்டார்.

"இருக்கேன்" என்றாள் சிவசங்கரி.

யாரும் சிரிக்கவில்லை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த பேருக்குப் போனார். படங்கின் மடிப்புக்குள் அவள் பொத்திப் பிடித்திருந்த போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.