நூற்றுப்பத்து கிலோவா?

மொன்டானாவில் ஒரு சின்ன மருத்துவமனை. வெர்னாவும் நானும் ஒரே வார்டில் நர்சுகள். ஒரு காலை, பள்ளிப் பேருந்து ஓட்டும் ஐரிஸ் டட்டிலை மூச்சுத்திணறலோடு கொண்டுவந்தார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி. டாக்டர் பிரெஸ்காட், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை எழுதினார்: உடல் எடையில் கிலோவுக்கு மணிக்குப் பதினெட்டு யூனிட். கணினியில் எடை நூற்றுப்பத்து கிலோ. மருந்துப் பையில் மில்லிக்கு நூறு யூனிட். ஆக, மணிக்கு 19.8 மில்லி.

இரண்டு நர்சுகள் தனித்தனியே கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டால்தான் ஹெப்பாரினை ஓடவிடலாம். நான் திரையைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வெர்னா கட்டிலைப் பார்த்தாள். போர்வைக்குள் ஒரு குச்சி உடம்பு.

"ஐரிஸ், நீங்க நூத்திப்பத்து கிலோவா?"

"கிலோவா?" இழுத்து இழுத்து மூச்சு வாங்கியபடி ஐரிஸ் சிரித்தாள். "அதுக்கு என் புருஷனையும் சேர்த்துல்ல நிறுக்கணும்! பவுண்டும்மா."

பிரெஸ்காட் விறுவிறுவென்று உள்ளே வந்தார். "இன்னும் ஆரம்பிக்கலையா?"

"எடை தப்பு, டாக்டர். பாதிகூட இருக்காது. இந்த அளவு போனா ரத்தம் கொட்டும்," என்றாள் வெர்னா.

"மூச்சு முட்டுறவங்க பேச்சை நம்பி என் ஆர்டரை நிறுத்துவியா? முதல்ல ஓடவிடு, அப்புறம் சரிபண்ணலாம்."

"மாட்டேன்."

"இது என் உத்தரவு!"

"கை என்னோடது."

அவர் என்னிடம் திரும்பினார். "அப்ப நீ ஓடவிடு."

நான் பேனாவை எடுத்து, ஏற்கெனவே போட்டிருந்த என் கையெழுத்தை அடித்துவிட்டேன். அதற்குள் வெர்னா கட்டிலோடு இருந்த எடைக்கருவியை ஓடவிட்டிருந்தாள். ஐம்பது கிலோ, அதாவது நூற்றுப்பத்து பவுண்டு.

"மணிக்கு ஒன்பது மில்லி," என்றாள். "நீங்க மாத்தி எழுதுங்க, இந்த நிமிஷமே ஆரம்பிக்கிறேன்."

அவர் மாற்றி எழுதினார். மருந்து ஓடியது. மொத்தம் நான்கு நிமிடத் தாமதம்.

ஆனால் மறுநாளே, மருத்துவரை அவமதித்ததாக வெர்னாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேற்பார்வையாளர் கிரெட்டா, "தப்பை ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டுப் போயிடேன். விஷயம் முடிஞ்சுடும்," என்றார்.

வெர்னா கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் இரண்டு கணக்குகளையும் வரிவரியாக எழுதினாள். அடியில், "நாளைக்கும் இதையேதான் செய்வேன்." அதற்குக் கீழே நானும் என் பெயரை எழுதினேன்.

மூன்று வாரம் இழுத்தடித்துக் கடிதத்தை ரத்துசெய்தார்கள். பவுண்டைக் கிலோ என்று கணினியில் பதிந்தது அவசரப் பிரிவுதான்; அங்குள்ள எடைக்கருவிகள் கிலோ மட்டுமே காட்டும்படி மாற்றப்பட்டன. ஐரிஸ் அதற்கு முன்பே பேருந்துக்குத் திரும்பியிருந்தாள். பிரெஸ்காட் இன்றுவரை வெர்னாவிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அவள் அதைச் சட்டைசெய்வதும் இல்லை.