வயிற்றில் வைத்த புள்ளி

மலக்குடலில் வந்த கட்டியை வெட்டியபின் மிச்சக் குடலை ஆசனவாயோடு சேர்த்துத் தைக்க முடிந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டி ரொம்பக் கீழே இறங்கியிருந்தால் ஆசனவாயையே எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டுக் குடலை வெளியே வைப்பார்களாம், ஆயுசுக்கும் மலம் இறங்க வயிற்றில் ஒட்டிய பைதான். எது என்பது வயிற்றைத் திறந்தால்தான் தெரியும். டைல்ஸ் ஒட்டிப் பிழைக்கிற மனிதருக்கு அன்றிலிருந்து தூக்கமே இல்லை.

துளைக்கு இடம் குறிக்க, ஆபரேஷனன்று காலையில் நர்ஸ் பேனாவோடு வந்தாள். அவர் கூச்சத்தில் விறைப்பாக உட்கார்ந்து வயிற்றை எக்கிக்கொண்டார். தொப்புளுக்கு இடப்பக்கம், சற்றுக் கீழே புள்ளி விழுந்தது.

"போட்டோவுக்கா உக்காந்திருக்க? மூச்ச விடுய்யா," என்றாள் மனைவி.

"சும்மா இருடி."

"நான் சும்மா இருந்தா, நீ வேலையில குந்துறப்ப பை பிச்சுக்கிட்டு ஊத்தும். அப்புறம் எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?"

அதே பயம்தான் அவருக்கும். வாசலில் அவரை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டி வந்து நின்றது. நர்ஸ் அதைத் தள்ளி வந்தவரைக் கையமர்த்திவிட்டு, "வேலை செய்யிறாப்பல குந்துங்கண்ணே," என்றாள்.

மூச்சை விட்டுக் குந்தினார். வயிறு மடிந்து, புள்ளி மடிப்புக்குள் காணாமல் போனது. நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால் அதை அழித்து, மடிப்புக்கு மேலே வேறு புள்ளி வைத்தாள்.

"இப்ப கண்ணுக்குத் தெரியுதா? நீங்கதான பை மாத்தணும்."

"பை வச்சா," என்று திருத்தினாள் மனைவி.

"வச்சா வைக்கட்டும். குந்த முடியுதுல்ல," என்று அவர் எழுந்து, தாமே வண்டியில் ஏறிப் படுத்தார்.