நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை

ரம்லா ஊர் நூலகத்தில் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதைக் கடைசியாகப் படித்தவரின் குரல் கேட்கும். கடல் ஊருக்குள் வந்துபோன வருடத்திலிருந்து இப்படித்தான். கண் ஒரு வரியில் பட்டதும், அதை முன்பு படித்தவர் அறைக்கே கேட்கும்படி சொல்வார். புதியவர் அந்த வரியைப் படித்து முடித்ததும் பழைய குரல் போய் அவருடைய குரல் அங்கே குடியேறிவிடும். மனதுக்குள் படித்தாலும் அதே கதைதான். ரம்லா இருக்கும் கெர்கென்னா தீவு இதற்கு ஒரே மாதத்தில் பழகிவிட்டது. நூலகர் ஜலீலா 'அமைதி காக்கவும்' பலகையைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் வாராவாரம் சிபாரிசுகளை எழுதத் தொடங்கினாள். தூக்கம் வராதவர்களுக்கு மருந்துக்கடைக்காரர் படித்த பயண நூல். மனம் சரியில்லாதவர்களுக்கு மப்ரூக்கா படித்தது எதுவானாலும் சரி. மப்ரூக்கா வாயால் வானிலை அறிக்கையைக்கூட இரண்டாம் முறை கேட்கலாம் என்று ஊரில் பேச்சு.

அவள் கணவர் கமைஸ், கடலடியில் மண் கலயங்களை இறக்கி, எட்டுக் கைப் பேய்க்கணவாய் பிடிப்பவர். எழுத்து தெரியாது, நூலக வாசலை மிதித்ததும் இல்லை. மனைவி இறந்த நாற்பதாம் நாள் கோதுமை ரவையில் கூஸ்கூஸ் ஆக்கி ஊருக்குப் பரிமாறிவிட்டு, மறுநாள் காலை அவள் பாதியில் விட்ட புத்தகத்தைத் துணியில் சுற்றியபடியே திருப்பித் தர வந்தார். உப்புக் கப்பல் ஒன்றைப் பற்றிய தடித்த நாவல். துணியைப் பிரித்ததும் அது திறந்துகொண்டது. மப்ரூக்கா பேசினாள். கமைஸ் நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தார். மாலைவரை எழுந்திருக்கவில்லை.

அவர் பார்த்தார், படிக்கவில்லை. அதனால் குரல் அழியவும் இல்லை. ஜலீலாவுக்குத்தான் இது முதலில் உறைத்தது.

"மாமா, அக்கா குரலை அழிக்காம எத்தனை தரம் வேணும்னாலும் கேக்கக்கூடியவர் இந்தத் தீவுல நீங்க ஒருத்தர்தான்."

மப்ரூக்கா அறுபத்துமூன்று புத்தகங்கள் படித்திருந்தாள். கமைஸ் கடலிலிருந்து நேராக வந்து ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துக்கொள்வார். ஆனால் ஊரும் அந்தப் புத்தகங்களைத்தான் விரும்பி எடுத்துப் போனது. ஒருநாள் அவள் இருந்த இடத்தில் ரொட்டிக்கடைக்காரர் இருமிக்கொண்டிருப்பார், மறுநாள் இன்னொரு இடத்தில் அவர் மச்சினி.

"மகளே, அவ படிச்சதை யாருக்கும் சிபாரிசு பண்ணாதம்மா."

"நூலகத்துல உக்காந்துக்கிட்டுப் படிக்காதேன்னு நான் எப்படி மாமா சொல்வேன்?"

சொல்லவில்லைதான். ஆனால் மனம் கேட்காமல், அந்தப் புத்தகங்கள் சுத்தப் போர் என்று பலகையில் எழுதிப் போட்டாள். அவ்வளவு போரா, பார்ப்போமே என்று ஊர் அவற்றையே முதலில் அள்ளிக்கொண்டு போனது. வருடம் முடிவதற்குள் மிஞ்சியது ஜலீலாவின் மேசைக்கடியில் ஒளித்து வைத்த உப்புக் கப்பல் மட்டும். அதிலும் நூற்றுப் பன்னிரண்டு பக்கம்தான் மப்ரூக்காவுடையது.

வியாழக்கிழமை வாசகர் வட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் படித்து, 'இனி நீங்க' என்று இடப்பக்கத்தில் இருப்பவரிடம் புத்தகத்தை நீட்டுவது வழக்கம். கடைசி நாள் மதியம், படுக்கையில் கிடந்த மப்ரூக்காவும் அப்படியே கணவரிடம் நீட்டினாள். 'நான் படிச்சுக் கிழிச்சேன், போ' என்று சிரித்துவிட்டுக் கமைஸ் கலயங்களைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது அவள் உயிரோடு இல்லை. அவள் சொன்ன 'இனி நீங்க' என்ற இரண்டு சொல்லும் அவள் குரலிலேயே நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில், எழுத்து முடிந்த பிறகான வெற்றிடத்தில் இருந்தன. அடுத்த பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஹஷ்மியின் மூக்கடைத்த குரல்.

பதினான்கு மாதம் கமைஸ் அதைக் கேட்டார். துக்கத்தைக்கூடத் தாங்கிக்கொண்டார், வெட்கம்தான் அவரைத் தின்றது. ஒரு காலையில், ஞாயிற்றுக்கிழமை எழுத்து வகுப்பில் தன்னைச் சேர்க்கச் சொன்னார்.

"எழுத்து தெரிஞ்சிட்டா அப்புறம் அக்காவோட ஒவ்வொரு வரியையும் ஒரே ஒரு தரம்தான் கேக்க முடியும். யோசிச்சீங்களா மாமா?"

"யோசிச்சேன். பதினாலு மாசமா நீட்டிக்கிட்டே இருக்கா. கை வலிக்காதா அவளுக்கு?"

ஜலீலா வகுப்புப் பதிவேட்டைத் திறந்து அவர் பெயரை எழுதினாள்.

வகுப்புக்கு முன் இரண்டு நாள் படகைக் கரையில் போட்டுவிட்டு, முதல் பக்கத்திலிருந்து நூற்றுப் பன்னிரண்டுவரை கேட்டார். பிறகு மூடிவிட்டார். குளிர்காலம் முழுக்க வகுப்பில் அவர் ஒருவர்தான் ஆண். "மாமா, அது பேனா, பேய்க்கணவாய் இல்ல, கழுத்தை நெரிக்காதீங்க" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார், பிடி மட்டும் தளரவில்லை.

மே மாதம் ஒரு வியாழனன்று வட்டத்தில் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். தபால்காரரின் குரல் முந்திக்கொண்டு வரும்போதெல்லாம் "சும்மா இருய்யா" என்று அதட்டிவிட்டுத் தானே எழுத்துக் கூட்டினார். எதிர் நாற்காலியில் இருந்த நிஜத் தபால்காரரும் தொப்பியைக் கழற்றி வாயைப் பொத்திக்கொண்டார். அந்த ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆயிற்று. யாரும் எழுந்து போகவில்லை. புத்தகத்தை அவரிடமிருந்து யாரும் வாங்கவும் இல்லை. முப்பத்தொரு வியாழன்களில் கப்பலைக் கரை சேர்த்தார்.

அதன்பின் முதல் பாதியை அவர் திறக்கவே இல்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து வரும் மற்றவர்களின் குரல்களைக் கேட்டுவிட்டுப் போவார். ஜலீலா அதைத் தினமும் பார்த்தாள். பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்குப் புதன்கிழமை நடத்தும் கதைநேரத்தில், ஒருநாள் அவள் உப்புக் கப்பலை எடுத்து ரொட்டிக்கடைக்காரரின் நாலு வயது மகள் இனெஸின் மடியில் விரித்து வைத்தாள். இனெஸுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அவள் பக்கத்தைப் பார்த்தாள். மப்ரூக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. ஒரு சொல்லும் அழியவில்லை.

கமைஸ் உள்ளே வந்தார். இனெஸின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, கடல் தெரியும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது, அவர் துடைக்கவில்லை.

"மாமா, நீங்க ஏன் புத்தகத்தைப் பாக்க மாட்டேங்கிறீங்க?" என்று இனெஸ் கேட்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியும்மா."

செப்டம்பரில் இனெஸ் பள்ளிக்கூடம் போனாள், அதோடு அந்தப் புத்தகம் அவளுக்குக் கிடையாது. அடுத்த புதன்கிழமை அந்த நாற்காலியில் வேறு ஒரு குழந்தை உட்கார்ந்தது. இப்போது உட்கார்வது ஏழாவது குழந்தை. தீவில் நாலு வயதுக்காரர்களுக்குப் பஞ்சமில்லை.