பழுது பார்க்கும் பிறந்தநாள்

என் பேரனின் ஆறாவது பிறந்தநாளுக்கு ‘தீம்’ என்று ஒன்று தேவை என்பது எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரியவந்தது. பிறந்தநாள் கொண்டாட, பிறந்திருப்பதே போதுமான காரணம் என்று அதுவரை அறியாமையில் இருந்துவிட்டேன்.

அந்த அறியாமையைப் போக்க ஓர் இளைஞன் வந்திருந்தான். குழந்தைகளுக்கு விழா ஏற்பாடு செய்வது அவன் தொழில். ஐந்து மாடி படியேறி வந்த களைப்பில் சோபாவில் சரிந்தவன், மூச்சு ஒருநிலைக்கு வந்ததும் டேப்லெட்டைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, "பர்த்டே யாருக்கு, உங்களுக்கா சார்?" என்று கேட்டான். தொழிலில் நன்றாக முன்னேறுவான் என்று தோன்றியது.

என் மகனும் மருமகளும் அவனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். விண்வெளி, டைனோசர், கடற்கொள்ளைக்காரர்கள், காடு என்று படம் படமாக நகர்த்தினான். காட்டுப் படத்தில் ஒரு குழந்தையின் தகப்பனார் குரங்கு வேடத்தில் நின்றார். வேடத்துக்கு அதிகம் மெனக்கெட்டிருக்கத் தேவையில்லை என்று பட்டது. என் மகன் அந்தப் படத்தைக் கொஞ்சம் ஆசையோடு பார்த்தான். நான் தொண்டையைக் கனைத்தேன். அவன் அடுத்த படத்துக்குப் போனான்.

"ராஜா தீம் வைங்க. நம்ம குடும்பத்துக்கு அதுதான் பொருந்தும்" என்றேன்.

"ராஜா இப்ப யாரும் கேக்கறதில்ல சார்" என்றான் இளைஞன். ராஜாக்களே ஒழிந்த பிறகு அவனைக் குறை சொல்லி என்ன பயன்.

அப்போதுதான் என் மருமகளுக்கு அந்த யோசனை தோன்றியது. "அவனையே கேட்டுடலாமே மாமா." ஒரு வீட்டில் முடிவெடுக்கப் பெரியவர்கள் மூன்று பேர் இருக்கும்போது, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரோடு படுத்திருக்கும் ஒருவனைக் கேட்பது என்பது இந்தக் காலத்து நாகரிகம்.

மேஜைக்கு அடியிலிருந்து பதில் உடனே வந்தது. "லிஃப்ட் ரிப்பேர்."

இளைஞனின் விரல் டேப்லெட்டில் அப்படியே நின்றது. "லிஃப்ட்டா?"

"லிஃப்ட் இல்ல. லிஃப்ட் ரிப்பேர்" என்று பேரன் திருத்தினான். "எல்லாருக்கும் மஞ்சள் ஹெல்மெட். கேக் வந்து, ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட லிஃப்ட். ஸ்பேனர் அங்கிள் வருவார்."

இந்த இடத்தில் லிஃப்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாற்பது வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பின் சங்கத்துக்கு நான் பதினொரு வருடமாகத் தலைவர். நில அளவைத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏழு வாரங்களுக்கு முன்பு லிஃப்ட் நின்றது. பழுதுபார்க்க வந்த மெக்கானிக் கதவுப் பூட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கீழே எட்டுப் பத்துப் பேர் கூடி நின்ற இடத்தில் வந்து சொன்னார்: "மூடற கதவுல யாரோ எதையோ குடுத்துக் குடுத்துத் தடுத்திருக்காங்க. பூட்டு நெளிஞ்சு போச்சு." பிறகு என் கைத்தடியைப் பார்த்தார். "பெரியவரே, உங்க தடி முனையில இருந்த ரப்பர் எங்க? உள்ள ஒண்ணு கிடந்துச்சு, பாருங்க." உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

அது என்னுடைய ரப்பர் அல்ல என்றேன்.

தடியைக் கொடுத்தேனா என்று கேட்டால், கொடுத்தேன். என் நிலையில் இருக்கும் ஒருவன் லிஃப்டைப் பிடிக்க ஓடக்கூடாது. லிஃப்ட்தான் நிற்க வேண்டும். அந்த மரியாதை இயந்திரத்துக்குத் தெரியாததால் தடி சொல்லிக் கொடுத்தது. ஆனால் அதை எட்டுப் பேர் நடுவில் வைத்துக் கேட்கலாமா? நான் மறுத்தது பொய் அல்ல. அந்த நேரத்து நிர்வாக முடிவு. இனி இந்த வாசலை மிதிக்காதே என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். தலைவருக்கும் பழுதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவருடைய கம்பெனிக்குக் கடிதமும் எழுதினேன். இந்தப் பகுதிக்கு எங்களிடம் அவர் ஒருவர்தான், கடிதத்தைத் திரும்பப் பெற்றால் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. கடிதம் எழுதத் தெரிந்த குடும்பம் எங்களுடையது. திரும்பப் பெறத் தெரியாது. நாற்பது வீட்டுக்காரர்களும் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இதில் எல்லோரையும்விட ஆரோக்கியமடைந்தவர் மூன்றாம் மாடி. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த சங்கக் கூட்டத்தில் என் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவருடைய எளிய ஆசை. படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நிற்பார். "படியேறுறது இதயத்துக்கு நல்லதாமே சார். எல்லாம் உங்க தயவு."

இப்படி இருக்கையில், கூட்டத்துக்கு முந்தின நாள், என் வீட்டிலேயே, மாட்டிக்கொண்ட லிஃப்டை கேக்காகச் செய்து ஊரைக் கூப்பிட்டு வெட்டுவது என்று பேரன் சொல்கிறான்.

"அது தீமே இல்லை" என்றேன்.

"இல்ல சார், ரொம்பப் புதுசு. யாருமே பண்ணல" என்றான் இளைஞன். அரை மணி நேரத்துக்கு முன்னால் என் வீட்டுத் தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்தவன்.

"ஏன் தாத்தா வேணாம்?" என்று பேரன் மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். காரணத்தைச் சொல்ல முடியாத கேள்விகளைக் குழந்தைகள் எங்கிருந்து தேடி எடுக்கிறார்களோ. என் மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுடைய தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்துக்கொண்டேன். தீம் முடிவாகிவிட்டது.

ஆனால் விழா முடிவாகவில்லை. அழைக்க வேண்டியவர்கள் என்று பேரன் சொல்லச் சொல்ல மருமகள் எழுதினாள். முதல் பெயர் ஸ்பேனர் அங்கிள், அதாவது அந்த மெக்கானிக். அப்புறம்தான் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர், மூன்றாம் மாடியின் பேத்தி, அவளோடு இலவச இணைப்பாக மூன்றாம் மாடி. மருமகள் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். பேசிவிட்டு வந்து என் எதிரில் நின்றாள்.

"வாசல மிதிக்காதேன்னு உங்க மாமனார் சொன்னார், அவரே கூப்பிட்டா வர்றேன்னு சொல்றார் மாமா."

"வேற மெக்கானிக்கைக் கூப்பிடு. ஹெல்மெட் போட்டா எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பேரன் அழவில்லை. அழுதிருந்தால் ஒரு பொம்மையில் முடிந்திருக்கும். "அப்ப எனக்கு பர்த்டே வேணாம். அஞ்சு வயசாவே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தான். அன்று இரவுச் சாப்பாடு சுவரோடு. மறுநாள் காலைப் பாலும் சுவரோடு. முதுகு ஒரு அங்குலம்கூட வளையவில்லை.

"இந்தப் பிடிவாதம் யார்கிட்ட இருந்து வந்ததுன்னே தெரியலப்பா" என்றான் என் மகன். மருமகள் என்னைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் நான் போனை எடுத்தேன். குழந்தை இளைத்துவிடுவானே என்று அல்ல. நன்றாகத்தான் சாப்பிட்டான், சுவரோடு சாப்பிட்டான் என்பதுதான் குறை. எங்கள் வீட்டுப் பிள்ளை தன் பிறந்தநாளையே ரத்து செய்தான் என்று வெளியே தெரிந்தால் குடும்பத்துக்கு என்ன பெயர்?

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சனிக்கிழமை" என்று ஆரம்பித்தேன்.

"ஆமாங்க, பெரும்பாலும் அப்படித்தான் வரும்" என்றார் மெக்கானிக்.

"பேரனுக்குப் பிறந்தநாள். சாயங்காலம் நாலு மணிக்கு வரணும்."

"லிஃப்ட்டுக்கா, கேக்குக்கா?"

"கேக்குக்கு."

"கேக்குக்குன்னா சரி. லிஃப்ட்டைத் தொட மாட்டேன். அதுக்கு வேற ஒண்ணு பாக்கி இருக்குங்க."

"அதைப் பத்தி நான் பேசல."

"நானும் பேசல பெரியவரே. நாலு மணிக்கு வந்துடறேன்."

சனிக்கிழமை எங்கள் கூடத்தில் உட்கார இடமில்லை. நடுவில் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் குழந்தைகளின் உயரத்துக்கு வெட்டி, வெள்ளிக் காகிதம் ஒட்டி, லிஃப்டாக நிறுத்தியிருந்தான் விழா இளைஞன். சுவரெல்லாம் அம்புக்குறிகள். விருந்தினர்களில் பெற்றோர்கள் ஐந்து மாடி ஏறி வந்ததால் முதல் இருபது நிமிடம் பேசும் நிலையில் இல்லை. இவ்வளவு அடக்கமான கூட்டத்தை நான் எந்த விழாவிலும் பார்த்ததில்லை.

மெக்கானிக் மட்டும் மூச்சு வாங்காமல் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பேரனுக்குப் பரிசாக ஏதோ பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய பட்டன் பலகையைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வட்ட வட்டமான பட்டன்கள். அதுவரை வந்திருந்த பரிசுகளையெல்லாம் பேரன் காலால் ஒதுக்கி வழி செய்துகொண்டு ஓடினான்.

"அப்ப லிஃப்ட் சரியாயிடுமா?" என்று மூன்றாம் மாடி பல்லெல்லாம் தெரியக் கேட்டார்.

"நான் கேக் சாப்பிட வந்திருக்கேன் சார்" என்றார் மெக்கானிக்.

கேக்குக்கு முன்னால் விளையாட்டு என்று இளைஞன் அறிவித்தான். என்ன விளையாட்டு என்பதை அவன் என் பேரனிடம் விட்டிருந்தான். குழந்தைகளின் கற்பனையை வளர்ப்பது அவனுடைய கொள்கையாம். பேரன் மூலையில் சாய்த்திருந்த என் கைத்தடியை எடுத்துவந்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"நான்தான் தாத்தா" என்றான். மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து மெதுவாக நடந்து வந்தான். நடை நன்றாகவே இருந்தது. பெட்டியின் இரண்டு பக்கமும் கதவாக நின்ற மூன்றாம் மாடியின் பேத்தியும் இன்னொரு பெண்ணும் "டிங்" என்று சொல்லிக்கொண்டு நெருங்கினார்கள்.

"நில்லு. நான் வந்துட்டிருக்கேன்ல" என்று பேரன் தடியை நடுவில் செருகினான். கதவுகள் விலகின. மறுபடி நெருங்கின. மறுபடி தடி. மூன்றாவது முறை மூன்றாம் மாடியின் பேத்தி, "டமால்" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதவு போய்விட்டது.

"லிஃப்ட் கெட்டுப்போச்சு. எல்லாரும் படியில போங்க" என்று பேரன் எங்கள் அனைவருக்கும் உத்தரவிட்டான்.

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினார்கள். மூன்றாம் மாடி தேன் ஒழுகும் குரலில், "கண்ணா, தாத்தா அப்படியெல்லாமா செய்வார்?" என்று கேட்டார்.

"தினமும் செய்வார்."

"பொய்" என்றான் வகுப்புப் பையன் ஒருவன். "தாத்தாங்க லிஃப்ட்டை உடைக்க மாட்டாங்க."

"நான் பொய் சொல்லல. எங்க வீட்ல யாரும் பொய் சொல்ல மாட்டோம்." பேரனின் காது சிவந்துவிட்டது. எட்டுப் பிள்ளைகளும் அவனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். "சொல்லுங்க தாத்தா."

மெக்கானிக் தன் காகிதத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இன்னும் எதுவும் வைக்கப்படவில்லை. என் மகன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஒரு பக்கம் பதினொரு வருடத் தலைவர் பதவி, என் கையெழுத்திட்ட கடிதம். மறுபக்கம் இந்தப் பயலின் வார்த்தை. குழந்தைதானே, ஏதோ விளையாட்டு என்று சிரித்தால் போதும், பதவி தப்பிவிடும். அவன் திங்கட்கிழமை வகுப்பில் பொய்யனாகப் போய் உட்காருவான். எங்கள் குடும்பத்தில் பொய்யன் என்று பெயரெடுத்தவன் கிடையாது. பொய் சொன்னவன் ஒருவன் உண்டு, அவன்தான் எழுந்து நின்றான்.

"அவன் சொல்றது சரி" என்றேன். "ஒரே ஒரு திருத்தம். தினமும் இல்ல, ஞாயித்துக்கிழமை நான் வெளிய போறதில்ல. தடியைக் குடுத்தது நான்தான். உள்ள கிடந்த ரப்பரும் என்னுதுதான்." மெக்கானிக் பக்கம் திரும்பினேன். "உங்களை வாசல மிதிக்காதேன்னு சொன்னது தப்பு. மன்னிக்கணும். அந்தக் கடிதத்தை இன்னைக்கே திரும்ப வாங்கிக்கறேன்."

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கூரை இடியும் என்று ஏழு வாரமாக எதிர்பார்த்திருந்தேன்.

"நாளைக்குக் காலையில பையோட வர்றேங்க" என்றார் மெக்கானிக். அவ்வளவுதான்.

"நாளைக்குக் கூட்டத்துல இதைக் குறிப்புல ஏத்திடலாமா சார்?" என்றார் மூன்றாம் மாடி.

"தாராளமா. நானே படிச்சுக் காட்டறேன். நீங்க படிச்சா பாதியிலயே தூங்கிடறாங்க."

இதற்குள் பேரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் சட்டையை இழுத்தான். உலகத்தில் இவ்வளவு நடந்தும் அவனுக்கு விளையாட்டு இன்னும் பாதியில் இருந்தது. "இப்ப உள்ள ஒருத்தர் மாட்டிக்கணும். நாங்க காப்பாத்துவோம். நீங்கதான் தாத்தா மாட்டிக்கணும், நீங்கதானே உடைச்சீங்க."

எந்த நீதிமன்றமும் இதைவிட விரைவாகத் தீர்ப்புச் சொல்லாது. நான் அட்டைப்பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். அதன் கூரை என் நெஞ்சுக்குத்தான் வந்தது.

"குனிஞ்சு உள்ள போயிடுங்க மாமா" என்றாள் மருமகள்.

"குனியற பழக்கம் எனக்கில்ல. மேல் அட்டையை வெட்டிடச் சொல்லு."

விழா இளைஞன் தன் படைப்புக்காக வாயைத் திறந்தான், யாரும் கவனிக்கவில்லை. மெக்கானிக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, சமையலறைக் கத்தியை வாங்கி, நான்கு பக்கமும் நேர்க்கோடாக வெட்டிக் கூரையைக் கழற்றினார். நில அளவைத் துறையில் இருந்தவன் சொல்கிறேன், கோடு எங்கேயும் பிசகவில்லை. நான் உள்ளே போய் நின்றேன். கதவுகள் "டிங்" என்று மூடின. பெட்டிக்கு மேலே நெஞ்சிலிருந்து தலை வரை நானும், பெட்டியைச் சுற்றி மஞ்சள் ஹெல்மெட்டுகளும் இருந்தோம்.

"உள்ள எத்தனை பேர்?" என்று ஒரு பையன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஒருத்தர்."

"பயப்படாதீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

பிறகு அவர்கள் கூடி ஆலோசித்தார்கள். மூன்றாம் மாடியின் பேத்தி ஏதோ சொல்ல, என் பேரன் யோசித்துத் தலையாட்டினான். முதலில் கேக், அப்புறம் மீட்பு என்று முடிவாயிற்று. எல்லோரும் மேஜைப் பக்கம் போய்விட்டார்கள். மெழுகுவத்தி ஏற்றுவது, ஊதுவது, வெட்டுவது எல்லாம் எனக்கு நின்ற இடத்திலிருந்தே நன்றாகத் தெரிந்தது. முதல் துண்டு மெக்கானிக்குக்குப் போயிற்று. இரண்டாவது துண்டை என் மகன் கூரை வழியாக என்னிடம் நீட்டினான். நிமிர்ந்து நின்றபடியே வாங்கிக்கொண்டேன்.