கெஷா அறுத்த ஆறு கம்பங்கள்

நான் ஜெர்மனியிலிருந்து அயோவா மாநிலத்துக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகாதபோது அமெரிக்கா ஜெர்மனியோடு போரில் இறங்கியது. அடுத்த வருஷக் கோடைத் தொடக்கத்தில் ஆளுநர் ஓர் உத்தரவு போட்டார்: பொது இடத்திலும் டெலிபோனிலும் இங்கிலீஷைத் தவிர வேறு மொழி பேசக்கூடாது. எனக்கோ ‘குட் மார்னிங்’ தவிர ஒன்றும் தெரியாது.

அந்த ஜூனில்தான் எனக்குத் தலைப்பிரசவம். விடிகாலையில் வலி எடுத்தது. மருத்துவச்சி கெஷா ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். ஐம்பது வயது விதவை, தனியாகவே பண்ணை பார்ப்பவள். மழையில் ஓடைப் பாலம் மூழ்கிக் கிடந்தது. என் கணவன் ஃபோக்கோ சமையலறையில் டெலிபோனுக்கு அடியிலேயே மெத்தையை இழுத்துப் போட்டு என்னைப் படுக்க வைத்துவிட்டு, கெஷாவைக் கூப்பிட்டான்.

“கெஷாக்கா, தலை தெரியுது. நான் என்ன செய்ய?”

“கைய சோப்புப் போட்டுக் கழுவு. கன்னுக்குட்டி இழுத்த கைதானே, நடுங்காதே. கழுத்துல கொடி சுத்தியிருக்கான்னு விரல விட்டுப் பாரு.”

எல்லாம் எங்கள் ஜெர்மனில்தான். பதினோரு வீட்டுக்கும் ஒரே டெலிபோன் கம்பி. யார் ரிசீவரை எடுத்தாலும் கேட்கும். நடுவில் பக்கத்துப் பண்ணை லேத்ராப் அம்மாளின் குரல் புகுந்ததாம்.

“இங்கிலீஷ்ல பேசுங்க. சட்டம் தெரியாதா?”

கெஷா இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள்: “பிள்ளை வெளிய வரட்டும், அப்புறம் பேசறேன். இப்ப வாய மூடும்மா.”

கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்தது. அவள் சொல்லச் சொல்ல ஃபோக்கோ அதைக் கழற்றினான். பையன் வீறிட்டு அழுதபோது கம்பியில் ரிசீவர்களை மாட்டும் சத்தம் டக் டக்கென்று கேட்டதாம். ஊரே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ஐந்தாம் நாள் கெஷாவை விசாரணைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார்கள். யார் நாட்டுக்கு விசுவாசமாக இருக்கிறார்கள் என்று கண்காணிக்க ஊரில் போட்டிருந்த விசுவாசக் குழுவுக்குத் தலைவர், விதை வியாபாரி விட்கோம். மன்னிப்புக் கடிதத்தை அவள் முன்னால் நகர்த்தினார். கூடப் போயிருந்த ஃபோக்கோ வந்து சொன்னதைத்தான் சொல்கிறேன்.

“அந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ் தெரியாது,” என்றாள் கெஷா.

“கத்துக்கணும்.”

“வலி வந்தப்புறமா? பாடம் எடுக்க நீங்க வந்திருப்பீங்களா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். விட்கோம் முகம் சிவந்தது. “கையெழுத்துப் போடலேன்னா உங்க டெலிபோன துண்டிச்சிருவோம்.”

“துண்டிச்சுக்கோங்க.”

மறுநாளே துண்டித்தார்கள். ஆனால் பதினோரு வீட்டுக்குமான அந்தக் கம்பி கெஷாவின் நிலத்தைக் கடந்துதான் நகரத்துக்குப் போனது. அங்கே நின்ற ஆறு கம்பங்களும் அவள் காட்டு ஓக் மரங்கள். அவள் புருஷன் வெட்டி, குழி தோண்டி, இலவசமாக நட்டுக் கொடுத்தவை.

சனிக்கிழமை காலை, பட்டப்பகலில், அவள் பெரிய ரம்பத்தோடு நின்றாள். மறுமுனையை ஃபோக்கோ பிடித்தான். பாலத்தில் வெள்ளம் வடிந்திருந்ததால் நானும் பிள்ளையோடு வண்டியில் போய் உட்கார்ந்து பார்த்தேன். உடம்பு நொந்து கிடந்தது. ஆனாலும் வீட்டில் இருக்க மனம் ஒப்பவில்லை. நாலாவது கம்பம் சாய்ந்தபோது விட்கோமின் கார் வந்தது.

“உன்ன ஜெயில்ல போட்டுருவேன்!”

கெஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெர்மனில் சொன்னாள்: “நிலம் என்னுது. கம்பம் என்னுது. கம்பி மட்டும் உங்களுது. சுருட்டி வேலியில மாட்டியிருக்கேன், எடுத்துட்டுப் போங்க.”

“இங்கிலீஷ்ல சொல்லு!”

“ஃபோக்கோ, நீயும் இங்கிலீஷ்ல சொல்லாதே. ஐயா கத்துக்கட்டும்.”

சொல்லிவிட்டு ஐந்தாவது கம்பத்துக்குப் போனாள். சொந்த நிலத்தில் சொந்த மரத்தை அறுத்தவளை எந்தச் சட்டத்தில் பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சாலையோரமாகப் புதுக் கம்பங்கள் நட்டு முடிக்க அக்டோபர் ஆயிற்று. அந்தக் கோடை முழுக்க லேத்ராப் அம்மாள் வீட்டு டெலிபோனும் ஊமைதான். நாங்களும் இன்னும் மூன்று ஜெர்மன் வீட்டாரும் எங்கள் டெலிபோன் பெட்டிகளைக் கழற்றி விட்கோமின் கடை வாசலில் வைத்துவிட்டு வந்தோம்.

கெஷா அதன்பின் டெலிபோனே வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அடுத்த பிரசவ வலி வந்தபோது, அவளோடு பேசிவைத்திருந்தபடி ஃபோக்கோ எங்கள் காற்றாலையில் ஏறிச் சிவப்புப் போர்வையைக் கட்டினான். அரை மணியில் அவள் முழங்கால்வரை சேறோடு வந்து சேர்ந்தாள், சாலையில் போவோர் வருவோர் காதில் விழும்படி, எங்கள் பாதையை ஜெர்மனில் உரக்கத் திட்டிக்கொண்டே.